ஓசூர் – ராயக்கோட்டை – அதியமான்கோட்டை சாலை: பெங்களூரில் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் தெருவில் மட்டும் தர்மபுரி, சேலம் பக்கத்துக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். என் அம்மா வீடு பாலக்கோடு பக்கம். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து ராயக்கோட்டை வழியாகத்தான் ஊருக்குப் போய்வருகிறேன். பொங்கல், ஆடி என்று லீவு நெருங்கினால் யாராவது ஒருவர் வாசலில் நின்று "அக்கா, அந்த ரோடு எப்படி?" என்பார். வழி கேட்பவர்கள் பாதிப் பேர், அந்த ஊர்களின் கதையைக் கேட்பவர்கள் பாதிப் பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"ராயக்கோட்டை ரோடு, ராயக்கோட்டை ரோடுன்னு சொல்றீங்களே, அது எங்கிருந்து எங்கே போகுது?"

அரசாங்கக் கணக்கில் அதன் முழுப் பெயர் மாலூர் – ஓசூர் – அதியமான்கோட்டை சாலை. தமிழ்நாட்டு மாநில நெடுஞ்சாலை எண் 17. கோலார் மாவட்டத்து மாலூர்ப் பக்கமிருந்து எல்லை தாண்டி, பாகலூர் வழியாக ஓசூருக்கு வரும். ஓசூரில் பெங்களூர் – கிருஷ்ணகிரி பெரிய சாலையைக் குறுக்கே கடந்து தென்கிழக்கே திரும்பி தொரப்பள்ளி, உத்தனப்பள்ளி, ராயக்கோட்டை போகும். அங்கிருந்து தெற்கே இறங்கி பாலக்கோடு, புலிக்கரை, தர்மபுரி. தர்மபுரிக்குச் சற்றுத் தெற்கே, சேலம் சாலையில் இருக்கும் அதியமான்கோட்டையில் முடிகிறது.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை 35 கி.மீ. போல. ராயக்கோட்டையிலிருந்து பாலக்கோடு 25 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். பாலக்கோட்டிலிருந்து தர்மபுரி ஏறக்குறைய அதே தூரம். ஆக ஓசூர் முதல் தர்மபுரி வரை 85-லிருந்து 90 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேச்சில் ராயக்கோட்டை ரோடு என்பது ஓசூருக்குக் கீழே உள்ள இந்தப் பகுதியைத்தான்.

"சேலம் போக கிருஷ்ணகிரி வழி நல்லதா, இந்த வழி நல்லதா?"

நேரம்தான் முக்கியம் என்றால் கிருஷ்ணகிரி வழியே போங்கள். அது முழுக்க அகலச் சாலை, ராத்திரியிலும் லாரி வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். ராயக்கோட்டை வழி பத்து கி.மீ. போலக் குறைவு, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியும் வராது. ஆனால் பழைய சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, சந்தை நாளில் கூட்டம், எதிரே கரும்பு டிராக்டர். தூரத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுத்துவிடுவீர்கள்.

பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வட்டாரத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு வழிதான். சேலம், ஈரோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருஷத்துக்கு ஒரு முறையாவது பகலில், அவசரமில்லாத நாளில், இந்த வழியாகப் போய்ப் பாருங்கள். கீழே எழுதியிருப்பதில் முக்கால்வாசி கண்ணாலேயே பார்க்கக் கிடைக்கும்.

"நேர் பஸ் இருக்கா? பஸ்ஸில் எப்படிப் போறது?"

பெங்களூரிலிருந்து தர்மபுரி, சேலம் போகும் பஸ்களில் பெரும்பாலானவை கிருஷ்ணகிரி வழிதான். அதனால் ஓசூரில் மாறிக்கொள்வதுதான் வழக்கம். ஓசூர் பஸ் நிலையத்தில் தர்மபுரி என்று போர்டு போட்ட பஸ்ஸில் அவசரப்பட்டு ஏறிவிடாதீர்கள். போர்டில் கீழே சின்ன எழுத்தில் "வழி" என்று இருப்பதைப் படியுங்கள், அல்லது "பாலக்கோடு நிக்குமா?" என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பெரியம்மா ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி, அங்கிருந்து ராயக்கோட்டைக்கு இன்னொரு பஸ் பிடித்து இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தார்.

டவுன் பஸ்ஸில் அத்திப்பள்ளி வரை போய், அங்கிருந்து ஓசூர் போகிறவர்களும் உண்டு. பை அதிகம் இருந்தால் அது வேண்டாம், மூன்று முறை ஏறி இறங்க வேண்டும்.

"ரயில்ல போனா இந்த ஊரெல்லாம் வருமா?"

வரும். பெங்களூர் – ஓசூர் – தர்மபுரி – சேலம் ரயில் பாதையும் கிட்டத்தட்ட இந்தச் சாலையின் கூடவே வருகிறது. கேளமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு எல்லாவற்றிலும் ஸ்டேஷன் உண்டு. சின்ன ஸ்டேஷன்களில் பாசஞ்சர் வண்டிகள்தான் நிற்கும். எர்ணாகுளம் இன்டர்சிட்டி மாதிரி வண்டிகள் ஓசூர், தர்மபுரி போன்ற ஊர்களில் மட்டும் நிற்கும். வயசானவர்களை அழைத்துப் போவதென்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

"இது ஸ்டேட் ஹைவேயா, நேஷனல் ஹைவேயா? போர்டுல ஒண்ணு இருக்கு, போன் மேப்புல வேற காட்டுது."

இரண்டும் சரி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரையிலான தடம் பல வருஷம் மாநில நெடுஞ்சாலை 17-ஆக இருந்தது. பிறகு அது தேசிய நெடுஞ்சாலை 844 ஆக்கப்பட்டது. பழக்கத்தில் ஜனங்கள் இன்னும் பழைய கணக்கிலேயே பேசுகிறார்கள், சில இடங்களில் பழைய பலகையும் அப்படியே நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சாலையோர கி.மீ. கல்லின் தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. பாலக்கோடு தாண்டி ஒரு புளியமரத்தடியில் பஸ் பழுதாகி நின்றபோது பக்கத்துக் கல்லைப் பார்த்தேன். தலையில் மஞ்சள் பெயின்ட். மாட்டுக் கயிறு உரசி உரசி ஒரு ஓரம் உரிந்துபோன இடத்தில், உள்ளே பழைய பச்சை தெரிந்தது. அதற்கும் அடியில் வெறும் சுண்ணாம்பு. அந்தச் சாலையின் சரித்திரம் மொத்தமும் அந்தக் கல்லில் இருந்தது.

"நேரலூர்ல இருந்து புது நாலு வழிச் சாலைன்னு சொல்றாங்களே, அது இதேதானா?"

எண் அதே 844. தடம் அதே இல்லை. புதிய நான்கு வழிச் சாலை நம் அத்திப்பள்ளிக்கு முன்னாலேயே, ஆனேக்கல் தாலுகா நேரலூரில் பெரிய சாலையிலிருந்து பிரிகிறது. ஓசூர் ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு தொரப்பள்ளி அக்ரகாரம் பக்கம் வருகிறது. பிறகு ஜிட்டாண்டஹள்ளி, அங்கிருந்து தர்மபுரி என்று மூன்று துண்டாகப் பிரித்து வேலை கொடுத்தார்கள். ஊர்களை ஒதுக்கிவிட்டு வயல்வெளியில் புதிதாகப் போட்ட சாலை அது.

எந்தத் துண்டில் வண்டி விடுகிறார்கள் என்பதை நான் இங்கே எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும். கிளம்புகிற அன்றைக்கு ஓசூர் பஸ் நிலையத்து டிரைவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற கதைகள் எல்லாம் பழைய சாலையைப் பற்றியவை.

"ஓசூர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஏறினேன். தர்மபுரியில இறங்கினா அனல் அடிக்குது. ரெண்டு மணி நேரத்துல எப்படி?"

ஓசூர் நம் பெங்களூர் இருக்கும் அதே பீடபூமியின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி 500 மீட்டருக்கும் கீழே. ஆக, 400 மீட்டர் இறங்குகிறீர்கள். ஏற்காடு, திம்பம் மாதிரி கொண்டை ஊசி வளைவுகள் எண்ணி இறங்கும் மலைச்சாலை இல்லாததால் இறங்குவதே தெரிவதில்லை. உத்தனப்பள்ளிக்கு அப்புறம் சாலை பாறைக் குன்றுகளுக்கு நடுவே மெதுவாகச் சரியும். ஜன்னல் காற்று மாறுவதை வைத்துத்தான் உடம்பு கண்டுபிடிக்கும். எங்கள் அம்மா ராயக்கோட்டை வந்ததும் குழந்தைகளின் மப்ளரைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைப்பார்.

பழைய சேலம் மாவட்டத்தை இந்த உயரத்தை வைத்தே மூன்றாகப் பிரித்துப் பேசினார்கள். கணவாய்க்கு மேலே இருந்த ஓசூர்ப் பகுதி பாலாகாட். நடுவில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி பாராமகால். கணவாய்க்குக் கீழே சேலம் பக்கம் தாலாகாட். பாலா என்றால் மேலே, காட் என்றால் கணவாய். நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றுவது பாலாகாட்டிலிருந்து பாராமகாலுக்கு இறங்கும்போது.

"பாராமகால்னா பன்னிரண்டு அரண்மனையா?"

சொல்லுக்குப் பன்னிரண்டு மகால் என்றுதான் பொருள். அரண்மனையைத் தேடிப் போகாதீர்கள். பன்னிரண்டு மலைக்கோட்டைகளைச் சுற்றி அமைந்த நாடு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எந்தெந்தப் பன்னிரண்டு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வித்தியாசம் வரும். விஜயநகர அரசின் பிற்காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட ஜகதேவராயர்களோடு இந்தக் கோட்டைகளைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தனியாக நிற்கும் ஒரு பாறை மலையும் அதன் தலையில் ஒரு மதிலும் தெரிவது அதனால்தான்.

"ராயக்கோட்டையில உண்மையிலேயே கோட்டை இருக்கா? பஸ்ல போகும்போது ஒண்ணும் தெரியலையே."

மலையே கோட்டைதான். ஊரை ஒட்டி நிற்கும் அந்தப் பெரிய பாறை மலையின் மேலே அண்ணாந்து பாருங்கள், மதில் வரி வரியாகத் தெரியும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நான் ஏறியபோது முக்கால் மணி நேரம் பிடித்தது. தண்ணீர் கொண்டு போங்கள், காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். மேலே நின்று பார்த்தால் இந்தக் கோட்டை ஏன் இங்கே இருக்கிறது என்று புத்தகம் இல்லாமலே புரியும். ஒரு பக்கம் மைசூர் மேட்டு நிலம், மறுபக்கம் பாராமகால் சமவெளி, நடுவில் நாம் வந்த சாலை. கீழிருந்து மேலே போகிற படையானாலும் மாட்டு வண்டியானாலும் இந்த மலையின் கண்ணில் படாமல் போக முடியாது.

அதனால்தான் அத்தனை சண்டை. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 மார்ச்சில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார். அதே வருஷம் ஜூலையில் அவருடைய படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் எடுத்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஓசூர் மட்டும் மைசூரிடமே நின்றது. அதாவது 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் இரண்டு நாடுகளின் எல்லை இந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. இன்றைக்கு நாம் அத்திப்பள்ளியில் தாண்டுகிற எல்லை அன்றைக்கு ராயக்கோட்டைக்கு மேலே இருந்தது.

1799-ல் கடைசிப் போருக்கு ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து படையோடு கிளம்பி, மார்ச் மாதம் ராயக்கோட்டைப் பக்கமாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தார். கேளமங்கலம், ஆனேக்கல் என்று போய், மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு களத்தில் இறந்தார். ஆனேக்கல்லில் வீட்டுமனை பார்க்கப் போகிற நம்மவர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள்.

"அப்போ ஓசூர் மைசூரோடதுதானா? எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்துச்சு?"

இதைப் பெங்களூரில் கன்னடக்காரர்களும் கேட்பார்கள், நம்மவர்களும் கேட்பார்கள். சண்டைக்கு இழுக்கும் கேள்வியாக அதைப் பார்க்கத் தேவையில்லை. மேலே சொன்னபடி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. திப்புவுக்குப் பிறகு நடந்த பங்கீட்டில் ஓசூர் கம்பெனிக்கு வந்து, சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதும் சென்னை மாநிலத்தோடேயே இருந்தது. 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. அதனால் இன்றைக்கு இந்தச் சாலையின் மேல் பாதி கிருஷ்ணகிரி மாவட்டம், கீழ்ப் பாதி தர்மபுரி மாவட்டம்.

ஓசூர்க் கடைத்தெருவில் ஒரே ஆள் உங்களோடு தமிழும், அடுத்த ஆளோடு தெலுங்கும், அதற்கடுத்தவரோடு கன்னடமும் பேசுவார். இருநூறு வருஷமாக எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருந்தது, ஜனங்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

"தமிழ்நாட்டு ஊருக்கு ஏன் ஹள்ளின்னு பேரு வைக்கிறாங்க? மாரண்டஹள்ளி, ஜிட்டாண்டஹள்ளி..."

ஹள்ளி என்றால் கன்னடத்தில் கிராமம். நம் பெங்களூரில் மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி இருக்கிற மாதிரிதான். தர்மபுரி மாவட்டத்தில் இந்தப் பெயர்கள் ஏராளம், தமிழில் எழுதும்போது "அள்ளி" என்றும் எழுதுவார்கள். ஓசூர் என்பதும் கன்னடக் காதுக்கு "ஹொஸ ஊரு", அதாவது புதிய ஊர்.

இன்னொன்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த "ப" பிற்காலத்தில் "ஹ" ஆனது. நம் பால் அவர்களுக்கு ஹாலு, நம் பத்து அவர்களுக்கு ஹத்து. அதே கணக்கில் பள்ளி என்பது ஹள்ளி. தொரப்பள்ளியும் ஜிட்டாண்டஹள்ளியும் கேட்க வேறு வேறாக இருந்தாலும் அந்தக் கடைசிச் சொல் ஒன்றேதான். இதைச் சொன்ன பிறகு என் மகள் பஸ் போர்டுகளைப் பார்த்து ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள், பாலக்கோடு வரும் வரை.

"ராஜாஜி பிறந்த ஊர் இந்த ரோட்டுலதானா?"

ஆமாம், தொரப்பள்ளி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் முதல் 10 கி.மீ.க்குள் வந்துவிடும். 1878 டிசம்பர் 10 அன்று அங்கே பிறந்தார். அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாக அரசு பராமரிக்கிறது. சின்ன வீடு, பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பிறகு நம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படிப்பு. மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கம் போகும்போது அந்தக் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து, தொரப்பள்ளியிலிருந்து ஒரு பையன் இங்கே வந்து படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை இருந்தவர், அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர்.

"மாலூர்ப் பக்கம் ஒண்ணுமே சொல்லலையே?"

அந்தப் பக்கம் எனக்குப் போக்குவரத்து குறைவு. மாலூர் ஓடு பெயர் பெற்றது, பழைய பெங்களூர் வீடுகளின் கூரைகளைக் கேட்டால் சொல்லும். பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டங்களும் பசுமைக் குடில்களும் நிறைய.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். கன்னடத்தின் பெரிய எழுத்தாளர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1891-ல் பிறந்தது மாலூர்த் தாலுகாவில். வீட்டில் பேசிய மொழி தமிழ், எழுதியது கன்னடம், 1983-ன் ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. மாலூர்ப் பக்கம் மாஸ்தி, தொரப்பள்ளியில் ராஜாஜி. இரண்டு பேரையும் ஒரே சாலை கொடுத்திருக்கிறது.

"தக்காளி வாங்க அங்கே இறங்கலாமா? இங்கே விலை எகிறிக் கிடக்கு."

ராயக்கோட்டையும் பாலக்கோடும் தக்காளிக்குப் பேர்போன சந்தைகள். விடியற்காலையில் போனால் சாலையோரம் டெம்போக்கள் வரிசை கட்டி நிற்கும். ஆனால் அது மொத்த வியாபாரம், கூடைக் கணக்கில்தான் பேச்சு. வீட்டுக்கு இரண்டு கிலோ வேண்டும் என்றால் சந்தைக்கு வெளியே துணி விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், விலை விழுகிற நாளையும் நான் அங்கே பார்த்திருக்கிறேன். பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும்கூடக் கட்டாத விலை. என் சித்தப்பா மூன்று கூடையைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுத் தொட்டி பக்கத்தில் கொட்டினார். மாடுகள்கூட இரண்டு வாய் தின்றுவிட்டு விலகிப் போயின. அவர் கைகளில் தக்காளிச் செடியின் பச்சைக் கறை, சோப்பு போட்டாலும் போகாது, விரல் இடுக்கில் கறுப்பாக நிற்கும். அந்தக் கையோடு உட்கார்ந்து, அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த நடவுக்கு நாற்று எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டார். பெங்களூரில் விலை ஏறினால் நாம் உடனே பேசுகிறோம். விழுகிறபோது அங்கே என்ன நடக்கிறது என்பதையும் நாம் பேசவேண்டும்.

"ராத்திரி பைக்ல போகலாமா? யானை வரும்னு பயமுறுத்துறாங்க."

பயமுறுத்தல் இல்லை, உண்மை. ஓசூருக்கும் உத்தனப்பள்ளிக்கும் நடுவே சானமாவு காடு வருகிறது. பன்னேர்கட்டா, ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டம் வருஷா வருஷம் அந்தக் காட்டுக்கு வந்து தங்கும். ராகி கதிர் முற்றும் காலத்தில், மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் மாதங்களில், அதிகம். ராத்திரியிலும் விடியற்காலையிலும் சாலையைக் கடக்கும். வனத்துறை எச்சரிக்கை கொடுத்திருக்கிற நாளில் பைக்கில் அந்த வழியே போக வேண்டாம். காரில் போனாலும் முன்னால் வண்டிகள் நின்றால் நீங்களும் எட்டவே நில்லுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

யானைக்கும் இது கஷ்டமான வட்டாரம். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே, வயலில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போயின. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயை விட்டு நகராமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. ஊரில் கேட்டால் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

"எங்க தாத்தா ஓசூருக்குச் சின்ன ரயில்ல போனேன்னு சொல்வார். ரயிலே பின்னாடி வந்ததுதானே, தாத்தா தப்பாச் சொல்றாரா?"

தாத்தா சரியாகத்தான் சொல்கிறார். இப்போது ஓடும் பாதைக்கு முன்னால் இன்னொரு ரயில் இருந்தது. இரண்டரை அடி அகலத்துக் குறுகிய பாதை. 1906-ல் சென்னை – சேலம் பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை போட்டார்கள். 1913-ல் அதைப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசேர்க்க வழி வேண்டும் என்பது அந்த மாதிரிப் பாதைகளுக்குக் காரணம். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு அவ்வளவு.

அந்த ரயில் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் பாதையை மூடிவிட்டார்கள், தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் சேலம் – பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை வந்து, அது அகலப்பாதையாக மாறியது. நடுவில் இருந்த அந்தக் காலம் முழுக்க ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் இந்தச் சாலை மட்டும்தான் துணை. உங்கள் தாத்தாவிடம் இன்னும் கேளுங்கள். வண்டி எவ்வளவு மெதுவாகப் போனது, எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி வையுங்கள்.

"அதியமான்கோட்டைன்னா அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானா? கதையா, நிஜமா?"

அதே அதியமான் நெடுமான் அஞ்சிதான். தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர். அவனைப் பற்றி அவ்வையார் பாடியவை புறநானூற்றில் இருக்கின்றன. தகடூரைச் சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்றதைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. நெல்லிக்கனியை நான் பாட்டாகவே வைத்துக்கொள்வேன். ஆனால் அந்த மனிதன் இருந்தான் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. 1981-ல் திருக்கோவலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது தங்கும் குகை, என்கிறது அந்தக் கல்வெட்டு. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். அது அதியமான்களே என்று ஜம்பைக் கல் அந்த விவாதத்துக்குப் பதில் கொடுத்தது.

அதியமான்கோட்டையில் இப்போது கூட்டம் அலைமோதுவது காலபைரவர் கோயிலுக்கு. தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றப் பெங்களூரிலிருந்தே வேன் வைத்துக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு அந்த வழியே அவசர வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சென்னராயப் பெருமாள் கோயிலும் இருக்கிறது, அதன் கூரை ஓவியங்களைப் பார்க்காமல் வராதீர்கள். பைரவரைக் கும்பிட்டு வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்த்ததாகச் சொன்னதில்லை.

"வழியில வேற எங்கேயாவது விலகிப் போய்ப் பார்க்க இருக்கா?"

பாலக்கோடு, தர்மபுரிப் பக்கமிருந்து பாப்பாரப்பட்டிக்குப் போகலாம். வ.உ.சி.யோடு சேர்ந்து போராடிச் சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்த சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23 அன்று அந்த ஊரில்தான் இறந்தார். அவர் நினைவிடம் அங்கே இருக்கிறது. நோயாளி என்று ரயிலில் ஏறவிடாததால் நடந்தே ஊர் ஊராகப் பேசியவர். பிள்ளைகளை அழைத்துப் போனால் இதைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள்.

"புது சாலை முழுசா வந்துட்டா, இந்தப் பழைய ரோட்டுல யார் போவாங்க?"

பால் வண்டி போகும். தக்காளி டெம்போ போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள், டவுன் பஸ் போகும். சேலம் போகிறவர்கள் விலகிவிடுவதால் அவர்களை நம்பியிருந்த டீக்கடைகளுக்கு அடி விழும். ராயக்கோட்டைக் கூட்டுரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் போடுவார். "புது ரோட்டுப் பக்கம் கடை மாத்துவீங்களா?" என்று போன முறை கேட்டேன். "அங்கே வண்டி நிக்காது கண்ணு, பறக்கும். இங்கே சந்தைக்கு வர்றவங்களுக்குப் பசிக்குமில்ல" என்றார். புதன், ஞாயிறு தவிர மற்ற நாளில் மதியம் பன்னிரண்டுக்குள் போனால் களி கிடைக்கும். அப்புறம் போனால் குழம்பு மட்டும்தான் இருக்கும்.